பதினோராவது பிராக்டிகல்

பதினைந்து வருஷமாக ஒரு மனிதனை நான் பாடத்திட்டத்தில் வைத்திருந்தேன். அது அவனுக்குத் தெரியாது.

சித்தூரில் ஒரு டிகிரி காலேஜ். பி.எஸ்.சி. மூன்றாம் வருஷத்துக்கு இயற்பியல் பிராக்டிகல் மொத்தம் பத்து. பதினோராவது நானாகச் சேர்த்தது. டைப் அடித்த ஒரு தாளைப் பிள்ளைகளிடம் கொடுப்பேன். இரண்டு திரவங்களைக் கலந்து, முப்பது டிகிரி சூட்டில் வைத்தால், அந்தக் கலவைக்குள் ஒலி என்ன வேகத்தில் போகும் என்று ஒரு அட்டவணை அதில் இருக்கும். "இது பெரிய பத்திரிகையில அச்சானது. இதுல ஒரு தப்பு இருக்கு, கண்டுபிடிங்க" என்பேன். எழுதியவன் பெயரைச் சொல்ல மாட்டேன்.

நான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வைத்திருந்த பழைய கருவியில் அவர்கள் அளந்து பார்ப்பார்கள். வினாடிக்கு மூன்று மீட்டர் குறைவாக வரும். முதலில் தங்களையே சந்தேகப்படுவார்கள். அச்சில் வந்தது தப்பாக இருக்கும் என்று நினைக்க, பாகாலாவிலிருந்தும் சாந்திபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிற பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பிறகு யாராவது ஒருத்தி சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்பாள். இருபத்தொன்பது புள்ளி இரண்டில் அட்டவணை அப்படியே பொருந்தும்.

"மேடம், அந்த ஆளோட தெர்மாமீட்டரே தப்பு! புள்ளி எட்டு அதிகமா காட்டிக்கினு இருந்திருக்குது."

"உருகுற ஐஸ்ல வெச்சுப் பார்த்திருந்தா?"

"அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும் மேடம். சோம்பேறி போல."

வருஷத்துக்குச் சராசரி நாற்பது பேர், பதினைந்து வருஷம். அறுநூறு வாயால் அவனைச் சோம்பேறி என்று சொல்ல வைத்தேன். திருடன் என்ற சொல்லை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

அவன் பெயர் ரமணா. ஏர்பேட்டில் நெல் வயல் உள்ள தெலுங்குக் குடும்பம். நான் நகரியில் தறி ஓட்டும் வீட்டுப் பெண். இரண்டு பேரும் திருப்பதியில் ஒரே ஆசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். ஒரே மேஜை, ஒரே கருவி. அது போகப் போக ஒரே டிபன் பாக்ஸ் ஆயிற்று. கல்யாணம் என்று அவன்தான் முதலில் சொன்னான். "எங்க வீட்டுல ஒரு வருஷம் கத்துவாங்க, அப்புறம் சரியாயிடும்" என்றான். நான் நம்பினேன். அதற்காக இன்றுவரை வெட்கப்படவில்லை. இருபத்து நான்கு வயதில் நம்பாதவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

மூன்று வருஷம் நான் எடுத்த அளவுகள் ஒரு நீலக் கட்டம் போட்ட நோட்டில் இருந்தன. கண்ணால் பார்த்தது பார்த்தபடி இடது பக்கத்தில், ஆங்கிலத்தில். யோசித்தது, திருத்த வேண்டியது எல்லாம் வலது பக்கத்தில், தமிழில். பத்தாவது வரை தமிழில் படித்தவள் நான். யோசனை அதில்தான் வரும். ரமணா தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்கத் தெரியாது. வலது பக்கத்தைப் பார்த்து, "இங்க என்னத்தை எழுதறே, கவிதையா?" என்று சிரிப்பான்.

தொண்ணூறு பிப்ரவரியில், நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவுக்குத் தறியில் கை மாட்டிக்கொண்டது என்று தந்தி வந்தது. நோட்டை ரமணாவிடம் கொடுத்துவிட்டு நகரிக்கு ஓடினேன். நைனாவின் இரண்டு விரல் போயிற்று. அவர் இடத்தில் தறியில் நின்றுவிட்டு, நான் திரும்பி வர ஐந்து மாதம் ஆனது. வந்தபோது நோட்டு மேஜை மேல் பத்திரமாக இருந்தது. பக்கத்தில், பத்திரிகையிலிருந்து அவனுக்கு வந்த கடிதம். கட்டுரை ஏற்கப்பட்டதாம். என் அளவுகள், கடைசிப் புள்ளி வரை. பெயர் ஒன்றுதான், அவனுடையது.

"நீ திரும்பி வருவியோ மாட்டியோன்னு தெரியல பத்மினி. வீணாப் போகுமேன்னுதான்" என்றான்.

அவன் தந்த டைப் பிரதியை அன்று அறையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். முப்பது டிகிரி என்று போட்டிருந்தான். அந்த வரியைத் திரும்பப் படித்தேன். அந்தத் தெர்மாமீட்டரின் கண்ணாடிக்குள் இருந்த அளவுத்தாள் நழுவியிருந்தது. ஐஸில் வைத்துப் பார்த்து, எவ்வளவு கழிக்க வேண்டும் என்று நான் எழுதி வைத்திருந்தேன். எழுதியது வலது பக்கத்தில், தமிழில், எண்ணைக்கூட எழுத்தாக.

அப்போதே சொல்லியிருக்கலாம். முதல் வருஷம் அவமானத்தில் சொல்லவில்லை. தொண்ணூற்று மூன்றில் அவன் அமெரிக்கா போய், அங்கேயே ஒரு டாக்டர் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று கேட்ட பிறகு, வேண்டுமென்றே சொல்லவில்லை. இப்போது சொன்னால் திருத்திக்கொண்டு பிழைத்துப் போவான். ஏறட்டும். உயரமாக ஏறட்டும்.

எனக்கு ஆராய்ச்சி போயிற்று. அச்சாகிவிட்ட அளவுகளை வைத்து யாரும் டாக்டர் பட்டம் தர மாட்டார்கள். சித்தூரில் லெக்சரர் வேலை கிடைத்தது. போன முதல் வாரம், பெண்டுலம் ஆட்டிப் புவியீர்ப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னால் நாற்பத்தெட்டுப் பேரும் பிசகாமல் தொள்ளாயிரத்து எண்பது என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். யாரும் பெண்டுலத்தை ஆட்டவே இல்லை. முன் வருஷத்து அண்ணன்கள் ரிக்கார்டைப் பார்த்து எழுதியது. எனக்கு ரத்தம் கொதித்தது. அன்று சாயங்காலமே அட்டெண்டர் பாலையாவை ரம்பம் கொண்டுவரச் சொல்லி, மீட்டர் ஸ்கேல்களில் நாலின் நுனியில் ஒரு சென்டிமீட்டர் அறுக்க வைத்தேன்.

"அம்மா, காலேஜ் சொத்தும்மா இது" என்றார் பாலையா.

"அறுங்க. காப்பி அடிக்கிறவன் மாட்டணும்."

அதிலிருந்து என் லேபில் எந்தப் பொருளும் இன்னொன்றைப் போல இருக்காது. ஆறு தெர்மாமீட்டர், ஆறுக்கும் எண், ஒவ்வொன்றுக்கும் ஒரு தப்பு, எல்லாம் என் நோட்டில். கோபத்தில் ஆரம்பித்தேன். ஆனால் ஒரு பெண் தானே அளந்து, புத்தகத்தில் இல்லாத ஒரு எண்ணை எழுதி, "இதான் மேடம் வருது, நான் என்ன பண்ண?" என்று என்னிடமே சண்டைக்கு வருவாள் பாருங்கள், அந்த நிமிஷத்துக்காகத்தான் இத்தனை வருஷம் இருந்தேன். கம்ப்யூட்டர் வந்து, ஊரெல்லாம் பெங்களூரும் அமெரிக்காவும் என்று கிளம்பி, என் வகுப்பு நாற்பத்தெட்டிலிருந்து பத்தொன்பதாகக் குறைந்தபோதும் எனக்கு அலுக்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் என்னைப் பெண் பார்க்க வந்தவர் சிவசங்கரன், பாகாலா ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க். நடந்ததை முழுக்க அவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தத் தெர்மாமீட்டர் இப்ப எங்க இருக்குது?" என்று மட்டும் கேட்டார். அதற்காகவே அவரைக் கட்டிக்கொண்டேன்.

இரண்டாயிரத்து எட்டு ஜூலையில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பிரித்திகா என்று என் பழைய மாணவி. அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். "மேடம், நம்ம பதினோராவது பிராக்டிகல் இங்க லைப்ரரியில இருக்கு! எழுதினவர் இப்ப பெரிய ஆளு. நான் என்ன செய்யட்டும்?"

ஒரே வரி பதில் போட்டேன். "தப்பைக் கண்டுபிடித்தவர் பத்திரிகைக்கு எழுதுவதுதான் முறை."

எழுதினாள். புள்ளி எட்டு என்ற கணக்கோடு எழுதினாள். பத்திரிகை ரமணாவிடம் விளக்கம் கேட்டது. அவனுக்கு அது வரக் கூடாத நேரம். ரேணிகுண்டா ரோட்டில் ஒரு தனியார் ஆராய்ச்சி நிறுவனம் வரப்போகிறது, அதற்கு இயக்குநராக அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பேப்பரில் போட்டோவோடு வந்திருந்தது. இந்த விவகாரம் தீராமல் கையெழுத்து ஆகாதாம்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை போன் செய்தான். "பத்மினி, பாகுன்னாவா? நல்லா இருக்கியா? நாளைக்கு சித்தூர் வரேன்."

மறுநாள் காலை சிவசங்கரன் இட்லித் தட்டை என் முன்னால் தள்ளினார். "சண்டை போடறதுன்னா வயித்துல எதையாச்சும் துன்னுட்டுப் போ பத்மா."

"சண்டை இல்லீங்க. பிராக்டிகல்."

"அதைவிடச் சண்டையே தேவலை. எங்கிட்ட கேட்டா, ஆளை மன்னிச்சு வுட்டுரு. ஆனா நீ கேக்க மாட்டே. அதனால சட்னி கொஞ்சம் போட்டுக்கோ."

பதினோரு மணிக்கு வந்தான். முடி பாதி நரைத்திருந்தது, சட்டை மடிப்புக் கலையவில்லை. லேபில் பத்தொன்பது பிள்ளைகளும் இருந்தார்கள். என் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில், தெலுங்கும் தமிழுமாகப் பேசினான்.

"நான் செஞ்சது தப்பு. ஒத்துக்கறேன். இப்ப சரி பண்ணிடலாம். திருத்தம் அனுப்பறேன், உன் பேரும் சேர்த்து. உன் பேர் அச்சுல வரும் பத்மினி. நீ ஒரே ஒரு லெட்டர் தரணும்."

"என்னன்னு?"

"ரெண்டு பேரும் சேர்ந்து அளந்தோம். தெர்மாமீட்டர் தப்புன்னு அப்ப ரெண்டு பேருக்குமே தெரியாது. அவ்வளவுதான்."

பதினெட்டு வருஷமாக என் பெயர் அச்சில் வர வேண்டும் என்று ஏங்கியவள் நான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அது இதோ, கைக்கு எட்டும் தூரத்தில். நான் தர வேண்டிய விலை ஒரு வாக்கியம். எனக்குத் தெரியாது என்று எழுத வேண்டும். ஐஸில் வைத்துப் பார்க்காத சோம்பேறி நானும்தான் என்று, நானே கையெழுத்துப் போட வேண்டும்.

"இந்த லேபில என் கையெழுத்து வேணும்னா பிராக்டிகல் பண்ணணும், சார்" என்றேன். அந்த 'சார்' அவனுக்கு உறைத்தது. "பதினோராவது. முழுசா வேண்டாம், முதல் பாகம் போதும். தெர்மாமீட்டரை உருகுற ஐஸ்ல வெச்சு, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை, அஞ்சு அளவு."

சிரித்தான். பழைய சிரிப்பு. "இன்னும் மாறவே இல்ல நீ. கொடு."

பாலையா சோடாக் கடையிலிருந்து வாங்கிவந்த ஐஸைத் தட்டிப் பீக்கரில் போட்டார். தெர்மாமீட்டரை நானே எடுத்துக் கொடுத்தேன். ஆறாம் நம்பர்.

அவன் வைத்தான். இரண்டு நிமிஷம் ஆகவில்லை, போன் அடித்தது. வராந்தாவுக்குப் போனான். "எஸ், எஸ், இன்னிக்கு லெட்டர் வந்துடும்" என்று பேசுவது கேட்டது. கால் மணி நேரம் கழித்து வந்து, நின்றபடியே பேனாவைத் திறந்து, ஐந்து கட்டங்களையும் மளமளவென்று நிரப்பி என்னிடம் நீட்டினான்.

பிளஸ் புள்ளி எட்டு. புள்ளி எட்டு. புள்ளி எட்டு. புள்ளி எட்டு. புள்ளி எட்டு.

தாளை முன் வரிசையில் இருந்த வள்ளியிடம் கொடுத்தேன். நகரிப் பெண், வாய் துடுக்கு. "சரியான்னு பாரும்மா."

வள்ளி தாளைப் பார்த்தாள், பீக்கரைப் பார்த்தாள், குனிந்து தெர்மாமீட்டர் எண்ணைப் பார்த்தாள். "சார், இது ஆறாம் நம்பரு. இதுல பூஜ்யத்துக்குக் கீழ புள்ளி மூணு காட்டும் சார். இப்பவும் அதான் காட்டிக்கினு இருக்குது. நீங்க பார்க்கவே இல்லியா?"

பின்னாலிருந்து ஒருவன் மெதுவாக, "எந்த ரிக்கார்டைப் பார்த்து எழுதினாரோ" என்றான். பத்தொன்பது பேரும் சிரித்தார்கள். நான் அடக்கவில்லை. என் வாழ்க்கையில் வேறு எந்தச் சத்தமும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

அவன் முகம் கறுத்தது. "இதுக்குத்தான் பண்ணச் சொன்னியா? பசங்க முன்னாடி?" என்றான். பிறகு குரலை உயர்த்தினான். "சரி, நான் பார்க்கல. அப்ப நீ மட்டும் பார்த்தியா? அந்த நோட்டை நான் பக்கம் பக்கமாப் பார்த்திருக்கேன். எங்கயும் புள்ளி எட்டுன்னு இல்ல. நீயும் பின்னால கண்டுபிடிச்சதுதான். இல்லேன்னு நிரூபி!"

அலமாரியைத் திறந்து அந்த நோட்டை எடுத்தேன். பக்கத்தைப் பிரித்து வலது பக்கத்தில் விரலை வைத்து வள்ளியிடம் நீட்டினேன். "இதைப் படிம்மா. தேதியிலிருந்து."

வள்ளி எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் படிப்பது போல உரக்கப் படித்தாள். "பதினாலு, ரெண்டு, தொண்ணூறு. தெர்மாமீட்டரை ஐசில் வைத்துப் பார்த்தேன். பூஜ்யம் புள்ளி எட்டு அதிகம் காட்டுகிறது. எல்லா அளவிலும் கழிக்க வேண்டும்."

நோட்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அதோடு நிறுத்தச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பக்கத்தில் அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை இத்தனை வருஷம் என் விரலாலேயே மூடி மூடி, நானே மறந்திருந்தேன். வள்ளி அடுத்த வரியையும் படித்தாள்.

"ரமணாவுக்கு நாளைக்குச் சொல்ல வேண்டும். அவன் அளவுகளும் இதே தெர்மாமீட்டரில்தான் எடுத்தது, பாவம்."

வள்ளி என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். புரிந்துவிட்டது அவளுக்கு. நோட்டை மூடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ரமணா நாற்காலியின் முதுகைப் பிடித்தான். "சொல்லலியே நீ" என்றான்.

"மறுநாள் காலையில தந்தி வந்தது. நைனாவுக்குக் கை."

"நான்... அது கவிதைன்னு நெனச்சேன்."

"ஒரு தடவை கேட்டிருந்தா படிச்சுக் காட்டியிருப்பேன். என்ன எழுதியிருக்கேன்னு நீ கேட்கவே இல்ல. எடுத்துக்க வேண்டியது இடது பக்கத்துல இருந்தது, எடுத்துக்கிட்டே."

"பத்மினி, அந்த வேலை போயிடும் எனக்கு. ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. அங்க எல்லாத்தையும் விட்டுட்டு வந்திருக்கேன்."

வள்ளி படித்த அந்த வரி என் குரலாகவே கேட்டு எனக்குள் எதையோ தட்டியிருந்தது. பாவம் என்று எழுதியிருக்கிறேன். அவ்வளவு நல்லவளாக இருந்திருக்கிறேன். அந்த இருபத்து நாலு வயசுக்காரிக்காகத்தான் நான் வருத்தப்பட்டேன். அவனுக்காக இல்லை. அவளை ஏமாற்றியவனை அவள் சார்பில் நான் எப்படி மன்னிக்க முடியும்?

அவன் எழுதிய தாளை எடுத்தேன். சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டு, ரிக்கார்டில் தப்பாக எழுதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதுகிற அதே ஒரு சொல்லை எழுதினேன். ரிபீட். கீழே கையெழுத்தும் தேதியும்.

"கையெழுத்துக் கேட்டீங்க. போட்டுட்டேன். திரும்பப் பண்றதா இருந்தா வியாழக்கிழமைதான் லேப்."

தாளை வாங்காமல் போனான். வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. "டீ சொல்லட்டுமாம்மா?" என்றார் பாலையா. "எல்லாருக்கும் சொல்லுங்க" என்றேன். பிள்ளைகள் அன்று முழுக்கக் கிசுகிசுத்தபடியே அளந்தார்கள். ஆனால் ஒருவர்கூட தெர்மாமீட்டரைப் பார்க்காமல் எழுதவில்லை.

பத்திரிகைக்கான கடிதத்தை அந்த வாரமே எழுதினேன். அளவுகள் என்னுடையவை, திருத்தம் என்னுடையது, தேதி இது. நோட்டின் இடது பக்கங்களும் அந்த ஒரு வலது பக்கமும் ஜெராக்ஸ். தமிழ் வரிகளை வள்ளி ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதி, தன் பெயரையும் வகுப்பையும் கீழே போட்டாள். புள்ளி எட்டு ஐந்து தடவை இருந்த தாளையும் கூடவே வைத்தேன்.

உறையை ஒட்டும் முன் சிவசங்கரன் வாங்கிப் பார்த்தார். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அவர்தான் ரிஜிஸ்தர் தபாலில் போட வேண்டும். வள்ளியின் ஆங்கிலத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார்.

"இந்த ரெண்டாவது வரி... இதை எங்கிட்ட நீ சொன்னதே இல்லியே பத்மா."

"நானே மறந்துட்டேங்க."

"இதுவும் போவணுமா? முதல் வரியே போதுமே அவனைப் புடிக்க. இது உன் சொந்த விஷயம். எவனோ ஒரு வெள்ளைக்காரன் படிச்சிக்கினு இருப்பான்."

பக்கத்தின் கீழ்ப்பாதியை மடித்து ஜெராக்ஸ் எடுத்தால் போதும். யாருக்கும் தெரியாது.

"முழுப் பக்கமும் போகட்டும்" என்றேன். "தனக்கு வேண்டியதை மட்டும் காப்பி எடுக்கிறது அவன் வேலை."

அவர் உறையை ஒட்டி, சட்டைப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினார்.

தை மாதம் பத்திரிகை வந்தது. திருத்தம் அரைப் பக்கம். அளவுகளை எடுத்தவர் என்ற இடத்தில் ஒரே பெயர், என்னுடையது. ரேணிகுண்டா ரோட்டு நிறுவனத்துக்கு வேறு யாரோ இயக்குநராக வந்தார்கள். திருத்தம் வந்த பக்கத்தை வெட்டி லேப் சுவரில், ஆறு தெர்மாமீட்டர்களுக்கு மேலே பாலையா ஒட்டினார்.

"அப்போ இந்த வருஷம் பதினோராவது இல்லியா மேடம்?" என்று ஜூனில் வந்த புது மூன்றாம் வருஷத்துக்காரர்கள் கேட்டார்கள். விடை சுவரிலேயே இருக்கிறதே என்று அவர்களுக்குச் சந்தோஷம்.

"இருக்கு" என்றேன். "அந்தத் திருத்தமும் அச்சுல வந்ததுதானே. சரியான்னு அளந்து பாருங்க."